நெய்மார் போன கோடை

ஐரோப்பியக் கால்பந்தின் கோடைக்கால டிரான்ஸ்ஃபர் சந்தை மூடிய மறுநாளே பத்திரிகைகள் மதிப்பெண் போட ஆரம்பித்துவிடும். இந்த அணிக்குப் பத்துக்கு ஒன்பது, அந்த அணிக்கு மூன்று. வாங்கப்பட்ட வீரர் புது ஊரில் இன்னும் வீடுகூடப் பார்த்திருக்க மாட்டார், அதற்குள் தீர்ப்பு வந்துவிடும். இந்தத் தீர்ப்புகளை நான் நம்புவதில்லை. அதற்குக் காரணம் 2017. அந்த ஒரு கோடையின் வரவு செலவு முழுதாகத் தெரிய எட்டு ஆண்டுகள் பிடித்தன.

2017 ஆகஸ்ட் 3 அன்று நெய்மாரின் வழக்கறிஞர்கள் பார்சிலோனா கிளப்பின் அலுவலகத்துக்கே போய் 22.2 கோடி யூரோவைக் கட்டினார்கள். ஸ்பெயினில் வீரரின் ஒப்பந்தத்திலேயே ஒரு விடுவிப்புத் தொகை எழுதப்பட்டிருக்கும். அதைக் கட்டிவிட்டால் கிளப் நினைத்தாலும் அவரைத் தடுக்க முடியாது. இவ்வளவு பெரிய தொகையை யார் தரப்போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் பார்சிலோனா இருந்தது. கத்தாரின் பணபலம் உள்ள பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் (பி.எஸ்.ஜி.) தந்துவிட்டது. அதற்கு முந்தைய உலக சாதனை, 2016-ல் மான்செஸ்டர் யுனைடெட் போக்பாவுக்குக் கொடுத்த 10.5 கோடி யூரோ. ஒரே ஆண்டில் அது இரண்டு மடங்குக்கு மேல் போனது. நெய்மார் எங்கும் போகவில்லை என்று சக வீரர் பிக்கே சமூக வலைதளத்தில் படம் போட்டு இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

நெய்மார் போனதால்தான் பார்சிலோனா சரிந்தது என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கையில் வந்து விழுந்த அந்தப் பணம்தான் அவர்களைச் சாய்த்தது. மாட்டுச் சந்தைக்கு வருகிறவன் மடியில் எவ்வளவு இருக்கிறது என்பது எல்லாத் தரகருக்கும் தெரிந்துவிட்டால் அப்புறம் ஏது பேரம்?

ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணி அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டது. ஓராண்டுக்கு முன் அது சுமார் 1.5 கோடி யூரோவுக்கு வாங்கிய உஸ்மான் டெம்பெலேயை பார்சிலோனா கேட்டது. பையன் பயிற்சிக்கு வராமல் அடம்பிடித்தான். கிளப் அவனை இடைநீக்கம் செய்ததே தவிர விலையில் இறங்கவில்லை. கடைசியில் 10.5 கோடி யூரோ, அதற்கு மேல் நிபந்தனைகளோடு இன்னும் சில கோடிகள். டெம்பெலேவுக்கு அப்போது வயது 20. செப்டம்பரில் கெட்டாஃபே அணியுடனான ஆட்டத்தில் தொடைத் தசை கிழிந்தது. ஃபின்லாந்தில் அறுவை சிகிச்சை செய்து, திரும்பி வரப் புத்தாண்டு பிறந்துவிட்டது.

அடுத்த குறி லிவர்பூலின் கொட்டினியோ. அந்தக் கோடையில் பார்சிலோனா திரும்பத் திரும்ப விலை கேட்டது. விற்பதற்கில்லை என்று லிவர்பூல் உரிமையாளர்கள் அறிக்கையே விட்டார்கள். போயே தீருவேன் என்று வீரர் எழுதிக் கொடுத்தும் அசையவில்லை. சுமார் ஐந்து மாதம் கழித்து, 2018 ஜனவரியில், 12 கோடி யூரோவுக்கும், அதற்கு மேல் 4 கோடி வரை கூடுதலுக்கும் விற்றார்கள்.

லிவர்பூலின் அந்தக் கோடை முழுவதையுமே நான் பெரிதாக மதிக்கிறேன். ரோமாவிலிருந்து முகமது சலாவைச் சுமார் 4.2 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். செல்சியில் சோபிக்காதவர் என்ற பெயர் அவருக்கு அப்போது இருந்தது. முதல் சீசனிலேயே லீகில் 32 கோல் அடித்து, 38 ஆட்ட சீசனுக்கான சாதனையை முறியடித்தார். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிப்போன ஹல் சிட்டியிலிருந்து ஆண்டி ராபர்ட்சனை 80 லட்சம் பவுண்டுக்கு எடுத்தார்கள். தடுப்பாட்டத்துக்கு வான் டைக்தான் வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார்கள். ஆனால் சவுத்தாம்ப்டனின் அனுமதியில்லாமல் அவரோடு பேசினார்கள் என்று சர்ச்சை எழ, ஜூனில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. வேறு எந்தக் கிளப்பாக இருந்தாலும் சந்தை மூடும் ஆகஸ்ட் 31 இரவுக்குள் பதறியடித்து இன்னொருவரை வாங்கியிருக்கும். இவர்கள் வாங்கவில்லை. ஆறு மாதம் பொறுத்து, 7.5 கோடி பவுண்டுக்கு அதே வான் டைக்கை வாங்கினார்கள். அடுத்த கோடையில், கோல்கீப்பர்களுக்கு அன்றைய உலக சாதனை விலையில் ஆலிசன் வந்தார்.

பார்சிலோனாவும் லிவர்பூலும் 2019 மே 1 அன்று சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மோதின. கேம்ப் நூ மைதானத்தில் பார்சிலோனா 3-0 என முன்னிலை. காயங்களுக்கான கூடுதல் நேரமும் தீரும் தறுவாயில் ஓர் எதிர்த்தாக்குதல். மெஸ்ஸி பந்தைக் கொண்டுவந்து, சற்று முன்தான் மாற்று வீரராக இறங்கியிருந்த டெம்பெலேவுக்குத் தள்ளிவிட்டார். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். டெம்பெலே மெல்லத் தட்டிய பந்து நேராக ஆலிசனின் கைக்குப் போனது. மெஸ்ஸி அப்படியே புல்தரையில் சரிந்தார். நெய்மார் பணத்தில் வந்தவர் அடித்த பந்தை, கொட்டினியோ பணத்தில் வந்தவர் பிடித்தார். அது நான்காவது கோலாகியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆறு நாள் கழித்து ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 4-0. கொட்டினியோ அறுபதாவது நிமிடத்தில் வெளியே அழைக்கப்பட்டார். அந்தக் கோப்பையும் லிவர்பூலுக்கே, மறு ஆண்டு முப்பது ஆண்டு காத்திருந்த லீக் பட்டமும் லிவர்பூலுக்கே.

பார்சிலோனாவின் வேதனை அதோடு தீரவில்லை. 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் பயர்ன் மியூனிக் அவர்களை 8-2 என்று நசுக்கியது. கடைசி இரண்டு கோலை அடித்தவர், பார்சிலோனா சம்பளச் சுமை தாங்காமல் பயர்னுக்கு இரவல் கொடுத்திருந்த கொட்டினியோ. ஒரு வீரரின் விலையைக் கிளப்புகள் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவெழுதும். ஆள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அந்தத் தவணை ஓடிக்கொண்டே இருக்கும், சம்பளம் தனி. கொரோனாவில் மைதானங்கள் மூடியதும் எல்லாம் அம்பலமாயிற்று. கடன் 135 கோடி யூரோ என்று 2021 ஆகஸ்டில் தலைவர் லபோர்ட்டா அறிவித்தார். அதே மாதம் மெஸ்ஸி கண்ணீரோடு விடைபெற்று, போன இடம் பி.எஸ்.ஜி.

2017 கோடையில் பிரெஞ்சு சாம்பியனாக இருந்த மொனாக்கோவையும் மறக்க முடியாது. பெர்னார்டோ சில்வா, மென்டி, பக்காயோகோ, எம்பாப்பே என்று எல்லோரையும் கொழுத்த விலைக்கு அனுப்பியது. 2018-19 சீசனில் பதினேழாவது இடத்தில் நின்று, இறங்கிப்போகாமல் மயிரிழையில் தப்பியது.

பி.எஸ்.ஜி. மட்டும் ஜெயித்ததா? நெய்மாரோடு அவர்கள் 2020-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போனார்கள். பயர்னிடம் 0-1. அந்த ஒரே கோலை அடித்த கோமான், பாரிஸில் பிறந்து பி.எஸ்.ஜி.யின் பயிற்சிப் பள்ளியிலேயே வளர்ந்து, 2014-ல் ஒரு காசும் வாங்காமல் வெளியே விடப்பட்டவர். மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் சேர்ந்து ஆடிய இரண்டு சீசனிலும் கடைசி பதினாறைத் தாண்டவில்லை. 2023-ல் நெய்மார் சவூதிக்குப் போனார். அதே கோடையில் டெம்பெலே சுமார் 5 கோடி யூரோவுக்குப் பாரிஸ் வந்தார். பயிற்சியாளர், 2017-ல் பார்சிலோனாவை விட்டு விலகிய லூயிஸ் என்ரிக்கே. 2025 மே 31 அன்று மியூனிக்கில் இன்டர் மிலானை 5-0 என வீழ்த்தி பி.எஸ்.ஜி. முதன்முறையாக அந்தக் கோப்பையைத் தூக்கியது. அந்த ஆண்டின் பாலோன் டி'ஓர் விருது டெம்பெலேவுக்கு.

அவருக்கு நியாயம் கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. இருபது வயதுப் பையனின் தலையில் நெய்மாரின் இடத்தையும் பத்துக் கோடி விலையையும் ஏற்றிவைத்துவிட்டு, காயத்துக்கெல்லாம் சோம்பேறித்தனம் என்று பெயர் சூட்டினார்கள். அவசரத்தில் விலை பேசியது கிளப்பின் நிர்வாகம், அவர் இல்லை.

2024-25 ஸ்பானிய லீகை பார்சிலோனா வென்றது. லெவண்டோவ்ஸ்கி, ரஃபீன்யா போல வாங்கியவர்களும் அந்த அணியில் உண்டு. ஆனால் யமால், குபார்சி, பால்டே, கவி, ஃபெர்மின் எல்லோரும் கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான லா மாசியாவின் பிள்ளைகள். நெய்மாரை விற்ற பணத்தில் வாங்கியவர்களில் ஒருவர்கூட அந்த அணியில் இல்லை.