வீட்டுத் தொட்டியில் நோயுறும் முருகைக்கல்

முருகைக்கல் என்றதும் யாழ்ப்பாணத்தார் மனக்கண்முன் தோன்றுவன மதிலும் கிணற்றுக்கட்டும் கோட்டைச் சுவருமேயாம். கல்லென்றே வழங்கி வந்தமையால், அஃது உயிருள்ள பிராணியொன்றின் வன்கூடு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்பிராணியை உயிருடன் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து மகிழ்வோர் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகப் பலர். கடல் கடந்து வாழும் எமது பழைய மாணவருள்ளும் இப்பழக்கமுடையோர் சிலர் இருத்தல் கூடும். நம் நாட்டிலோ கன்முருகைகள் சட்டத்தாற் காக்கப்பட்டவை. கடலிலிருந்து பெயர்த்துவந்து வளர்த்தல் குற்றமாகும். ஆயினும், நோயுற்ற முருகைக்கல்லுக்குச் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை அறிதல் விலங்கியல் பயிலும் மாணவர்க்கும் பயன் தருமென்று கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

முருகைக்கல் என நாம் காணும் ஒரு திரள், சின்னஞ்சிறு பொலிப்புக்கள் பலவற்றின் குடியிருப்பாகும். ஒவ்வொரு பொலிப்புக்கும் ஒரு வாயும் அதனைச் சூழ்ந்த பரிசக்கொம்புகளும் உள. அதன் இழையத்தினுள்ளே ஒருகல அல்காக்கள் குடியிருந்து, ஒளித்தொகுப்பாற் சமைத்த உணவின் பெரும்பங்கைத் தமக்கு இடந்தந்த பிராணிக்கு வழங்குகின்றன. மேற்பரப்பைப் போர்த்திருக்கும் சீதத்திலோ எண்ணிலாத பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுட் சில பகைக்கிருமிகளைத் தடுத்துக் காவல் புரிவன. ஆகவே நாம் மருந்திடுவது தனியொரு பிராணிக்கன்று, ஒரு கூட்டுக் குடும்பத்துக்காம். குடும்பத்தில் ஒருவர்க்கு இட்ட மருந்து மற்றவரைக் கொல்லவுங் கூடும். முருகைக்கல் வைத்தியத்தின் இடர்ப்பாடு முழுவதும் இங்கேதான் கிடக்கின்றது.

முதலில் இரண்டு வெண்மைகளைப் பிரித்தறிய வேண்டும். வெப்பம் மிகுந்தாலோ ஒளி திடீரெனக் கூடினாலோ உள்ளிருந்த அல்காக்கள் வெளியேற, திரள் வெளிறிப்போகும். அவ்வாறு வெளிறியதில் இழையம் இன்னும் அழியவில்லை. உற்று நோக்கினால் கண்ணாடி போன்ற தோலும் அசையும் பரிசக்கொம்புகளுந் தெரியும். அதற்கு வேண்டியது மருந்தன்று. வெப்பத்தைத் தணித்தலும், ஒளியைக் குறைத்தலும், பொறுமையுமே. மற்றை வெண்மை வேறு. அதில் இழையமே உரிந்து போய், வன்கூட்டின் வரம்புகள் வெறுமையாய் நிற்கும்; உயிருள்ள பகுதிக்கும் இறந்த பகுதிக்குமிடையே கத்தியாற் கீறியது போன்ற எல்லை தோன்றும். அக்குரோப்போரா என்னுங் கிளைத்த இனத்தில் இவ்வெல்லை சில வேளை ஒரே நாளில் திரள் முழுவதையுங் கடந்து விடுவதுண்டு. பல ஆண்டு வளர்த்ததை ஓரிரவில் இழந்தோர் பலர். வெளிறியதை நோயென மயங்கி வெட்டுவதும், உரிவதை வெளிறலென மயங்கிக் காத்திருப்பதும் ஒருங்கே கேடு தருவன.

இழையம் உரிவதைக் கண்டாலும் மருந்துப் போத்தலைத் தேடுமுன் நீரைச் சோதித்தல் வேண்டும். வெப்பநிலை 25 அல்லது 26 பாகை சதமளவை, உவர்த்தன்மை ஆயிரத்தில் 35 பங்கு, கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மகனீசியம் ஏறக்குறைய 1300 மில்லிகிராம் என்றவாறு இயற்கைக் கடல்நீரை ஒட்டியே தொட்டி நீரும் இருத்தல் நன்று. காரத்தன்மை சேர்மன் அளவையில் 7 முதல் 9 பாகைவரை இருக்கலாம்; அது எவ்வளவு என்பதினும் ஏறியிறங்காது நிற்கின்றதா என்பதே பெரிது. இவற்றிலொன்று பிறழ்ந்திருக்க, அதனை விட்டுத் திரளுக்கு மருந்திடுதல், கிணற்றில் உப்பேறியிருக்கப் பயிருக்கு எருவிடுவதை ஒக்கும். பிறழ்ந்ததைத் திருத்துவதும் படிப்படியாகவே நடத்தல் வேண்டும். ஒரே நாளில் திருத்தினால் அத்திருத்தமே புதிய நோயாகிவிடும்.

நீர் செவ்வையாயிருந்தும் நோய் காணுமாயின், திரளையே கவனித்தல் வேண்டும். தொட்டி வளர்ப்போர் பெரிதும் அஞ்சுவது கபிலக்கூழ் நோயாம். நீண்ட பரிசக்கொம்புகள் தீப்பந்தம்போல் அலையும் யூபில்லியா இனத்தையே இது மிகுதியாகப் பற்றும். கொம்புகள் சுருங்கி, அவற்றின்மேற் கபில நிறக் கூழொன்று திரண்டு, அழுகல் நாற்றம் வீசும். அக்கூழில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் நோக்கின், பிசிர்கொண்ட ஒருகல உயிர்கள் மொய்த்துத் திரிவது தெரியும். அவை இழையத்தைத் தின்னும்போது உள்ளிருக்கும் அல்காக்களையும் விழுங்குவதாலேயே கபிலநிறம் பெறுகின்றன.

இந்நோய் கண்ட திரளை வெடுக்கென நீரிலிருந்து தூக்கலாகாது. தூக்கினாற் கூழ் சிதறி அயலிலுள்ள திரள்களிற் படியும். நீரோட்டப் பொறியை முதலில் நிறுத்தி, சிறிய குழாயாற் கூழை உறிஞ்சி வெளியேற்றி, அதன்பின்னரே திரளை எடுத்துத் தொட்டி நீரே நிரப்பிய வேறொரு பாத்திரத்தில் இடுக. யூபில்லியா கிளைத்து வளர்வதாயின் நோயுற்ற தலையைத் தண்டோடு முற்றாக வெட்டி நீக்கலாம். வன்கூட்டுத் தண்டில் இழையம் முடியுமிடத்துக்குக் கீழே வெட்டின் அயற்றலைக்கு ஊறில்லை. அக்குரோப்போராவாயின் நோயெல்லையில் வெட்டுதல் போதாது. நலமாய்த் தோன்றும் பகுதியிலும் ஒரு சதமமீற்றரளவு உட்சென்று வெட்டல் வேண்டும். இவ்விடத்திற் கைந்நெகிழ்ச்சி காட்டுவோரே மிகுதி. பாதித் திரளை இழக்க மனமின்றி முழுவதையும் இழப்பர். வெட்டுவாயைச் சயனோவக்கிரிலேற்றுப் பசையால் மூடிவிட்டால், வெறுமையான வன்கூட்டில் அல்கா பற்றுவது தடைப்படும். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே இவ்வேலையைச் செய்க. ஏனெனில், அயலில் வளரும் பலித்தோவா போன்ற மென்பொலிப்புக்கள் சிலவற்றிலுள்ள நஞ்சு மிகக் கொடியது. அவை படர்ந்த கல்லைக் கொதிக்க வைத்து ஆவியைச் சுவாசித்தோர் வைத்தியசாலை சேர்ந்ததுண்டு.

வெட்டிய துண்டை அயடீன் கலந்த நீரிற் சில நிமிடம் தோய்த்தல் வழக்கம். பிரெஞ்சு வைத்தியர் லூகோல் 1829 ஆம் ஆண்டில் மனிதருக்கென ஆக்கிய கரைசலே இதற்குப் பயன்படுகின்றது. விற்கப்படும் போத்தல்களின் செறிவு ஒன்றுக்கொன்று வேறுபடுதலின், துளிக்கணக்கை ஒருவர் சொல்ல மற்றவர் பின்பற்றுதல் ஆபத்தாகும். போத்தலிற் குறித்த அளவையே கொள்க. தோய்த்த துண்டை வேறு நன்னீரில் அன்று, தூய தொட்டி நீரிலேயே அலசுதல் வேண்டும். தோய்த்த நீரைத் தொட்டிக்குத் திரும்ப ஊற்றலாகாது.

இனி, கண்ணுக்குத் தெரியும் அப்பிசிருயிரைக் கொன்றால் நோய் தீருமா என்னும் வினா எழும். 2014 ஆம் ஆண்டில் வெளியான ஓராய்வு இதற்கு விடை பகர்ந்தது. கரிபியன் கடலின் அக்குரோப்போராவைப் பற்றும் வெண்பட்டி நோய்க்கு நான்கு நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தனித்தனி பரிசோதித்தனர். மெற்றோனிடசோல் பிசிருயிர்களைக் காணாமலாக்கியது, நோயோ நிற்கவில்லை. அம்பிசிலினும் பரமோமைசினும் நோயை முற்றாக நிறுத்தின. பிசிருயிர் பின்வந்து தின்பது, முன்வந்து தாக்குவது பற்றீரியா என்று ஆய்வாளர் கருதினர். கண்ணிற் பட்டவனே கள்வனென்று கொள்ளல் முருகைக்கல் விடயத்திலும் பொருந்தாது.

இவ்வாறாயின் நுண்ணுயிர்க்கொல்லியையே எடுத்த எடுப்பில் இடலாமே எனின், புளோரிடாவின் அனுபவத்தை நோக்குதல் தகும். 2014 இல் மயாமிக்கு அண்மையிற் காணப்பட்ட இழைய இழப்பு நோய், பின்னர் கரிபியன் முழுவதும் பரவி இருபதுக்கு மேற்பட்ட கன்முருகை இனங்களைப் பற்றிற்று. சுழியோடிகள் அமொக்சிசிலினைக் களிம்பொன்றிற் குழைத்து நோயெல்லையில் நேரே பூசினர். ஓரினத்தில் நடத்தி 2021 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பூசப்பட்ட புண்களுள் நூற்றுக்கு 95 ஆறின. குளோரீன் கலந்த பசை பூசியவையோ ஒன்றும் பூசாதவற்றினின்று வேறுபடவில்லை. ஆயினும் ஆறிய திரளிலேயே புதிய புண்கள் பிறிதோரிடத்தில் தோன்றின. மருந்து புண்ணை ஆற்றியதேயன்றித் திரளுக்குக் காப்பளிக்கவில்லை. இதன் பின்னரே சுமித்சோனியன் நிலையத்தார் நோய்க்கு இணங்காத திரளொன்றின் பற்றீரியாவை எடுத்து வளர்த்து, நோயுற்றவற்றுக்கு இட்டு, நோயின் வேகம் தணிவதை 2023 இல் வெளியிட்டனர். கொல்லும் மருந்திலிருந்து காவலனை அனுப்பும் மருந்துக்கு அறிவு திரும்புவதை இதிற் காண்கின்றோம்.

கடலில் உரிமம் பெற்ற ஆய்வாளர் செய்ததை வீட்டுத் தொட்டியிற் செய்ய விழைவோர்க்கு எமது கருத்து இது. நுண்ணுயிர்க்கொல்லியைப் பெருந்தொட்டியில் ஒருபோதும் கலத்தலாகாது. மீன்களின் கழிவாகிய அமோனியாவை மாற்றி நீரைத் தூய்மையாக்கும் பற்றீரியாக்களும் உடன் அழிய, முருகைக்கல் பிழைத்து மீன்கள் மாளும். வெட்டியும் தோய்த்தும் நோய் நில்லாதபோது மட்டும், விலங்கு வைத்தியரின் ஆலோசனையுடன், தனிப்பாத்திரத்தில் இடலாம். அந்நீரைத் தாக்கிய கரியினூடு வடிக்காது அப்புறப்படுத்தலாகாது; கடலிலோ களப்பிலோ ஊற்றவே கூடாது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவது மனிதர்க்கும் உற்ற கேடன்றோ.

அக்குரோப்போராவைத் தின்னும் தட்டைப்புழு பற்றியும் ஒரு சொல். தோய்த்தல் புழுவை உதிர்க்கும், முட்டைகளை அழிப்பதில்லை. வெறுங் கிளையிற் படிந்த கபில முட்டைத் திட்டுக்களைச் சுரண்டி, வாரத்துக்கொருமுறை திரும்பத் தோய்த்து, ஆறு வாரமாவது தனித்தொட்டியில் வைத்தல் நன்று. புதிதாய் வாங்கியதையும் இவ்வாறே வைத்திருப்போர் பின்னர் வைத்தியம் தேடவேண்டிய தேவை பெரிதும் குறையும்.

பிழைத்த துண்டு முதற் சில நாட்கள் சுருங்கியே இருக்கும். மிதமான ஒளியும் மெல்லிய நீரோட்டமும் அப்போது போதும். இழையம் வெட்டுவாயின் பசைமீது ஊர்ந்து ஏறத் தொடங்கின், புண் ஆறுகின்றதென்று கொள்ளலாம். பழைய இடத்தில் மீண்டும் வைக்குமுன் அயலவர் யாரென்று பார்த்தல் வேண்டும். யூபில்லியா இரவில் நீண்ட கொட்டுங் கொம்புகளை வீசுவதாதலின், ஒரு சாணுக்கு அப்பாலேனும் அதனை வைக்க.