நிற்கிற காலுக்கும் ஒரு ஸ்டூல்

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, காலையில் எழுந்து முதல் அடி எடுத்து வைக்கும்போது உயிர் போகிறது என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்துக் கொண்டே இருந்தேன். எனக்கு வயது 38. பத்தாவது வரை படித்தவள். திருத்தங்கல் பக்கம் வீடு. எட்டு வருஷமாக எனக்கு முடக்கு வாதம். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். இது கை விரலில் வருகிற நோய் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எனக்குப் பாதத்தில்தான் ஆரம்பித்தது. விரல்கள் தொடங்குகிற இடத்தில், உள்ளங்காலுக்கு முன்பக்கம், செருப்புக்குள் கூழாங்கல் கிடக்கிற மாதிரி இருக்கும். செருப்பைக் கழற்றி உதறிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது!

அப்போது நான் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருந்தேன். கடை பேர் வேண்டாம். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் ராத்திரி ஒன்பது மணி வரை நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரம் அரை மணி. கடையில் ஈ, காக்கா இல்லாத மத்தியான நேரத்தில்கூட உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா, முடியலையா? வீட்டுக்குப் போறியா?" என்று கேட்பார். அது அக்கறையில் கேட்கிற கேள்வி இல்லை என்பது கடையில் வேலை பார்த்த பெண்களுக்குத் தெரியும். கீழ் ரேக்கில் துணி அடுக்குகிற சாக்கில் இரண்டு நிமிஷம் குத்தவைப்போம். கேமரா வந்த பிறகு அதுவும் போச்சு. 2019 ஆடித் தள்ளுபடி முடிந்ததும், நிற்க முடியாததால் வேலையை விட்டு நின்று விட்டேன். மாதச் சம்பளம் போனதில் பெரியவளுடைய டியூஷனும் நின்றது.

நான் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் நம் தமிழ்நாடு சட்டசபையில், கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள். கடையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் உட்கார இடம் போட வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்து கொள்ளலாம் என்பது அதன் சாரம். கேரளாவில் 2018-லேயே வந்து விட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைச் சேர்த்துக் கொண்டு, விஜி என்ற தையல்காரப் பெண்மணி பல வருஷம் போராடியதன் பலன் அது. நம்ம விருதுநகர்க்காரர் வசந்தபாலன் 2010-ல் 'அங்காடித் தெரு' படத்தில், நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பிள்ளைகளின் கஷ்டத்தைக் காட்டினாரே, அதைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. அழுதுவிட்டு மறுநாள் போய் நின்றோம், அவ்வளவுதான்.

தொழிற்சாலைகளுக்கு 1948-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே, நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் சிவகாசியில் பைண்டிங் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்து பாரம் எடுக்கிற பெண்களை யாராவது கேட்டுப் பாருங்கள். காலண்டர் சீசனில் அவர்கள் கால் எப்படி வீங்கும் என்று சொல்வார்கள்.

எங்கள் எதிர்வீட்டு மதினிக்கு மூட்டுத் தேய்மானம். அவரும் ஒரு கடையில்தான் நிற்கிறார். சட்டம் இருக்கிறது என்று சொன்னதும், "சட்டம் இருக்கும் தாயீ, நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா?" என்றார். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் அவர் தனியாகக் கேட்கவில்லை. தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஏழு பேராகச் சேர்ந்து முதலாளி அண்ணாச்சியிடம் போனார்கள். "கூட்டம் இருக்கிறப்ப நிக்கோம் அண்ணாச்சி. ஆள் இல்லாதப்ப உட்கார்ந்துக்கிடுதோம்" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாராம். பத்து நாள் கழித்து இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. ஏழு பேருக்கு இரண்டு! இருந்தாலும் முறை வைத்து உட்காருகிறார்கள். மணிக்கு ஒருதரம் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாலே சாயங்காலம் பஸ் ஏறும்போது வித்தியாசம் தெரிகிறது என்கிறார் மதினி. எங்கே கேட்டும் நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை ஆபீசில் மனு கொடுக்கலாம்.

வீட்டில் நிற்கிறவர்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை, சகோதரிகளே. வேலையை விட்டதும் கால் வலி குறையும் என்றார்கள். எங்கே குறைந்தது? காலை ஐந்தரைக்கு அடுப்படியில் நின்றால் ஒன்பதரை வரை நிற்கிறேன். என் அம்மா காலத்தில் தரையில் உட்கார்ந்து சமைத்தார்கள், அம்மியும் ஆட்டுரலும் உட்கார்ந்து செய்கிற வேலை. மேடை அடுப்பு வந்ததில் புகையும் குனிவும் போச்சு, நல்லதுதான். ஆனால் சமையல் பூராவும் நின்று செய்வதாகி விட்டது. என் மாதிரி ஆட்களுக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திரிக்க முடியாது, அது வேறு கஷ்டம்.

என் வீட்டுக்காரர் ஆசாரியிடம் சொல்லி ஒரு மர ஸ்டூல் செய்து கொடுத்தார். மேடை உயரம் இரண்டே முக்கால் அடி, ஸ்டூல் இரண்டு அடி. காய் நறுக்க, சப்பாத்தி தேய்க்க, பால் காய்கிற வரை காத்திருக்க எல்லாம் அதில்தான். எண்ணெய் வைத்துத் தாளிக்கும்போது மட்டும் எழுந்து நின்று விடுவேன். தெறித்தால் சட்டென்று விலக வேண்டுமே! நிற்கிற நேரத்தில் கீழே ஒரு மணைப்பலகை போட்டு, ஒரு காலை அதில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறு காலுக்கு மாற்றுவேன். இடுப்புக்கும் இதம்.

செருப்பு விஷயத்தில்தான் வீட்டில் பஞ்சாயத்து. ஆஸ்பத்திரியில், வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நிற்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள் என்றார்கள். என் மாமியார், "அடுப்படியில செருப்பா? அக்கினி இருக்க எடம்டி" என்று இரண்டு நாள் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வளர்ந்த விதம் அது. வாசல் தாண்டாத ஜோடி ஒன்று தனியாக வாங்கி, அவர் கண் முன்னாலேயே கழுவி எடுத்தேன். "அத்தை, இது செருப்பு இல்லை, எனக்கு மருந்து" என்றேன். சாமி படத்துப் பக்கம் போகும்போது கழற்றி விடுவேன். இப்போது அவரே, "கால்ல போட்டியா?" என்று கேட்கிறார்.

அது எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். சர்க்கரை வியாதிக்காரர்கள் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கதை நம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர், 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி இல்லாததால், ஒரே இடத்தில் அழுத்தம் பட்டுப் பட்டுப் புண்ணாகிறது என்று கண்டு, அவரும் அவரோடு இருந்தவர்களும் மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்து பார்த்தார்கள். அவர்களுக்கு வலியே தெரியாது, நமக்கோ வலி தாங்காது. ஆனால் தேவை ஒன்றுதான். உடம்பின் கனம் ஒரே எலும்பில் இறங்காமல் பாதம் முழுக்கப் பரவ வேண்டும். பின்னால் வார் உள்ளதாக வாங்குங்கள். வார் இல்லாவிட்டால் விரலை மடக்கி மடக்கிச் செருப்பைப் பிடித்து நடப்போம், வலி கூடும். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

ஒன்று முக்கியம். வேட்டு ஆபீசில் வேலை பார்க்கிற சகோதரிகள் இந்த ரப்பர் செருப்போடு மருந்து அறைக்குள் போகக் கூடாது. ரப்பர் அடிப்பாகம் உடம்பில் நிலை மின்சாரத்தைச் சேர விடும், ஒரு பொறி போதும். அங்கே போர்மேன் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். இதை வெளியிலும் வீட்டிலும் போடுங்கள்.

இதெல்லாம் சுகம்தானே தவிர, வைத்தியம் இல்லை. காலையில் அரை மணி, ஒரு மணி நேரம் கை கால் விறைத்துக் கிடந்தால், விரல் மூட்டு இரண்டு பக்கமும் வீங்கினால், மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக் கொண்டே இருக்காதீர்கள். வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியையும் கெடுக்கும். இரத்தப் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டுங்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்களுக்குச் சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்த நோயை நாள் கடத்தினால் மூட்டே கோணிப் போகும். பிறகு திருப்ப முடியாது.

எனக்குக் கொடுத்திருப்பது மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து. தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அழுத்தமாகச் சொன்னார். எங்கள் ஊரில் காலண்டருக்குப் பஞ்சமா? தினசரி காலண்டரில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமைத் தாளிலும் சிவப்பு மையால் 'மாத்திரை' என்று எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கிற பெண்கள் இந்த மாத்திரை பற்றி முதலிலேயே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும், கர்ப்பத்தில் இது ஆகாது. இரத்தத்தை அவ்வப்போது சோதிக்கவும் சொல்வார்கள்.

விறைப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைப்பது எனக்கு ஒத்துக் கொள்கிறது. சூடு கண்டு வீங்கின நாளில் துணியில் சுற்றின ஐஸ். கூடவே சர்க்கரை வியாதியும் இருந்து கால் மரத்திருந்தால் வெந்நீர் வேண்டாம், கொப்பளித்தாலும் தெரியாது. படுக்கையை விட்டு எழுமுன் படுத்தபடியே கணுக்காலை இரண்டு பக்கமும் பத்துத் தரம் சுற்றி விடுவேன். முதல் அடி உயிர் போகிறது என்று எழுதிய அந்தச் சகோதரி இதைச் செய்து பார்க்கலாம். அவருக்குக் குதிகாலா, முன்பாதமா என்று எழுதவில்லையே? தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருத்தங்கல்.