குப்பிக்குள் வேர் விடும் தளிர்

கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு கணுவிலிருந்து பல தளிர்களைக் கிளைக்கச் செய்யும் திசு வளர்ப்பு வித்தையைச் சென்ற இதழில் கண்டோம். அத்தளிர்கள் எவ்வளவு செழித்து நின்றாலும், வேர் பிடிக்காதவரை அவற்றை மரக்கன்று என்று சொல்வதற்கில்லை. பழமரங்களைப் பொறுத்தவரை ஆய்வுக்கூடத்தின் உண்மையான பரீட்சை அங்கேதான் ஆரம்பமாகிறது.

1956-க்கு முன் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த பழைய கொள்ளேகால் தாலூகாவில், பாலாற்றைக் கடந்து மாதேஸ்வரன் மலைக்கு ஏறிச் செல்லும் யாத்திரிகர்கள், அந்த மலைக்காடுகளின் காட்டு நெல்லியை அறிவார்கள். அங்கு வாழும் பழங்குடியினரான சோலிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்து வரும் காய் அது. அடுத்துள்ள பிளிகிரிரங்கன் மலையில் அந்த நெல்லி மரங்களைப் புல்லுருவி பற்றி வாட்டுவதைச் சோலிகர்களே ஆராய்ச்சியாளருக்கு எடுத்துரைத்திருக்கிறார்கள். இத்தகைய காட்டில், நன்றாகக் காய்த்து, திடமாக நிற்கும் ஒரு மரத்தின் குணத்தை அப்படியே அடுத்த கன்றுக்குக் கொண்டுசெல்ல விரும்பினால், அயல் மகரந்தத்தால் சூல்கொள்ளும் நெல்லியின் விதையை நம்ப முடியாது. மொட்டுக் கட்டினாலோ, மேற்பாகம் தாயினுடையதாகவும் வேர் எங்கிருந்தோ வந்த நாற்றினுடையதாகவும் அமைந்துவிடும். தாயின் குணத்தைத் தன் சொந்த வேரில் தாங்கி நிற்கும் கன்றைத் திசு வளர்ப்பினால் எதிர்பார்க்கலாம்.

குப்பிக்குள் தளிரும் வேரும் தோன்றும் சூத்திரத்தை, புகையிலைத் தண்டின் உட்சோற்றை வைத்து 1957-இல் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் விளக்கினார்கள். சைட்டோகைனின் என்ற ஹார்மோன் மிகுந்தால் தளிர், ஆக்ஸின் என்ற ஹார்மோன் மிகுந்தால் வேர் என்பது அதன் சாரம். ஆகவே, தளிரைப் பெருக்கிய அதே ஊட்டக் கூழ் வேருக்குச் சத்துருவாகிவிடுகிறது. தளிரை அதிலிருந்து பிரித்து, உப்புச் சத்தைப் பாதியாகக் குறைத்த வேறொரு கூழில், ஆக்ஸின் வகையான இண்டோல் பியூட்டிரிக் அமிலம் சிறிதளவு சேர்த்து நட வேண்டும்; சில நாள் இருட்டில் வைப்பதும் உண்டு. அமிலத்தின் வேலை வேரைத் துவக்கிவைப்பதே. வேர் தோன்றிய பின்னும் அது நீடித்திருந்தால், வேர் நீளாமல் தடித்துக் குறுகும். தண்டின் அடியில் திசுக்கட்டி திரண்டு, அதிலிருந்து வேர் கிளம்பினாலோ, தண்டின் நாளங்களோடு அவ்வேருக்குச் சரியான தொடர்பு ஏற்படாமல் போகலாம்; பார்வைக்கு வேர்தான், ஆனால் அது நீரேற்றாது.

வாழைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. மரமென்று நாம் வழங்கினாலும் அது பூண்டு வகையாதலால், எளிதில் வேரூன்றுகிறது. திசு வளர்ப்பு வாழை நம் விவசாயிகளின் கொல்லை வரை வந்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். முதிர்ந்த மரத்தின் திசுவோ வேரூன்றும் சுபாவத்தைப் பெரும்பாலும் இழந்திருக்கிறது. போதாக்குறைக்கு, வெட்டிய இடத்தில் துவர்ப்புச் சத்து கசிந்து கூழைக் கறுக்கச் செய்கிறது. அவ்விதமிருந்தும், 1987-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தார் முதிர்ந்த கொய்யா மரங்களின் கணுக்களிலிருந்தே கன்றுகளைப் பெற்றதாக வெளியிட்டதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

வேர் பிடித்த பின்னும் அபாயம் நீங்குவதில்லை. சர்க்கரையை உண்டு, ஈரம் நிறைந்த குப்பியில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு மெல்லியது. அதன் துளைகள் சரிவர மூடா. திடீரென வெளிக்காற்றில் வைத்தால், பத்தியம் முறித்த நோயாளியைப் போல் அது துவண்டுவிடும். ஆகையால் ஈரக் கூடாரத்தில் வைத்து, நாளுக்கு நாள் காற்றைப் பழக்க வேண்டும். சிலர் குப்பிக்குள் வேரூன்றும் படியையே விட்டுவிட்டு, அமிலத்தில் தோய்த்த தளிரை நேரே அக்கூடாரத்தின் தென்னை நார்த் தூளில் ஊன்றுகிறார்கள். குப்பியிலே தோன்றும் வேர் பெரும்பாலும் வேர்த்தூவி குன்றியிருப்பதால், இம்முறை எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

மாதேஸ்வரன் மலை நெல்லிக்கு இத்திசு வளர்ப்பை ஒருநாள் செய்வோமானால், முதிர்ந்த மரத்தின் உச்சிக் கிளையை விட்டு, அடிமரத்தில் கிளைக்கும் இளந்தளிரை எடுப்பதே உசிதம். இளமையின் சுபாவம் அங்கேதான் எஞ்சியிருக்கும். அவ்வாறு எடுப்பதையும் ஒரே மரத்தோடு நிறுத்தாமல், காட்டின் பல பகுதிகளிலிருந்து பல தாய்மரங்களைச் சோலிகர்களே தெரிந்தெடுக்க வேண்டும்.