ஏ ஷிப்ட், பி ஷிப்ட், அகர வரிசை

ஆலைச் சாலை – 9

2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளி வகுப்பறைகள் பெரியவர்களுக்காகத் திறந்திருந்தன. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் அடிப்படைத் தேர்வு அன்றைக்கு. வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50, ஆக 150 மதிப்பெண். மாநிலத்தில் மட்டும் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டோடு இருக்கும் பாட்டிகள் என்று வந்தவர்களில் பெண்களே பெரும்பான்மை. இந்தத் தேர்வில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. காலை 10 மணிக்கெல்லாம் எல்லோரும் வந்து உட்கார்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மாலை 5 மணிக்குள் வசதிப்பட்ட நேரத்தில் வந்து மூன்று மணி நேரம் எழுதிவிட்டுப் போகலாம். வீட்டு வேலையையும் கூலி வேலையையும் அறிந்த யாரோ யோசித்து வைத்த விதி.

தேர்வுக்கு இருக்கும் இந்தத் தாராளம் வகுப்புக்கு இல்லை. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தில் முதியோர் கல்வியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

திட்டத்தின் கணக்கு எளிமையானது. 15 வயதைக் கடந்த, எழுதப் படிக்கத் தெரியாத எவரும் சேரலாம். ஆறு மாதத்தில் 200 மணி நேரம் வகுப்பு. சொல்லித் தருபவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். பல ஊர்களில் அதே தெருவில் படித்த பெண்தான். இடம் பெரும்பாலும் உள்ளூர் அரசுப் பள்ளி. நேரம், பள்ளி விட்ட பிறகு மாலையில் இரண்டு மணி. விவசாய ஊருக்கு இது பொருந்தும். பொழுது சாய்ந்தால் வேலை முடிந்துவிடும்.

ஒரகடத்தில் பொழுது சாய்ந்தால் பாதிப் பேருக்கு வேலை அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். ஆலைக்கு ஆலை அரை மணி முன்பின் இருக்கலாம், மற்றபடி ஏ ஷிப்ட் காலை 6 முதல் பகல் 2 வரை, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிப்ட் 10 முதல் மறுநாள் காலை 6 வரை. வாரத்துக்கு வாரம் மாறும். பி ஷிப்ட் வாரத்தில் மாலை வகுப்பு அடியோடு போயிற்று. மூன்றில் ஒரு வாரம் போனால், 200 மணியில் கிட்டத்தட்ட 67 மணி காணாமல் போகும். சி ஷிப்ட் வாரத்தில் பகலில் அரைத் தூக்கம் தூங்கி எழுந்து, சோறாக்கி வைத்துவிட்டு, கம்பெனி பஸ் பிடிக்க ஓட வேண்டும். அந்த இடைவெளியில் சிலேட்டோடு உட்காரச் சொன்னால் யாரால் முடியும்? வருகைப் பதிவேட்டில் ஆள் வரவில்லை என்று மட்டும்தான் பதிவாகும். அவள் எந்த ஷிப்டில் இருந்தாள் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

இவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1990களின் பின்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஸ்ரீபெரும்புதூரில் செயிண்ட் கோபைன், நோக்கியா, சாம்சங், ஒரகடத்தில் ரெனோ–நிசான், அப்போலோ டயர்ஸ், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்துவிட்டன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இவை. நாற்று நட்ட பெண்களுக்கு நிலமும் போய், வேலையும் போனபோது, அதே நிலத்தில் எழும்பிய கட்டடத்துக்குள் ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், தோட்டப் பராமரிப்பு என்று கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. உற்பத்தி லைனில் நிற்க பிளஸ் டூவோ டிப்ளமோவோ கேட்பார்கள். தரை துடைக்க யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. பளபளவென்ற அந்தக் கட்டடங்களில், எழுத்து அறியாதவர்கள் மிக அதிகமாக இருப்பது துடைப்பத்தோடு நிற்கும் வரிசையில்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பெண்களில் 73.44. ஏழு வயதைத் தாண்டிய பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் அப்போது படிக்கத் தெரியாது. இந்த வட்டாரம் அடங்கிய காஞ்சிபுரம் மாவட்டம் அதற்கு முன்பிருந்தே மாநிலச் சராசரியைவிட மேலே இருந்தது. அந்த நல்ல எண்ணே இவர்களுக்கு வினையாயிற்று. 2009இல் மத்திய அரசு தொடங்கிய சாக்ஷர் பாரத் திட்டம், பெண்களின் எழுத்தறிவு 50 விழுக்காட்டையும் தாண்டாத மாவட்டங்களையே முதன்மையாக எடுத்துக்கொண்டது. காஞ்சிபுரம் அந்த வரம்புக்குள் வரவில்லை. 2018 மார்ச்சில் அந்தத் திட்டமும் முடிந்தது. ஆலைகள் மளமளவென்று பெருகிய அந்த ஒன்பது ஆண்டுகளில் இந்த வட்டாரத்துப் பெண்கள் சராசரிக்குப் பின்னால் மறைந்துபோனார்கள்.

வேலை நடக்கும் இடத்துக்கே வகுப்பைக் கொண்டுபோவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் தொண்டர்களும் செய்தது அதுதான். கல் குவாரியில் சல்லி உடைக்கும் பெண்கள் அங்கே கற்போர் ஆனார்கள். குவாரிக் குத்தகை அவர்கள் கைக்கே வந்தபோது, கற்ற கணக்குக்கு உடனே வேலை இருந்தது. சைக்கிள் ஓட்டப் பழகுவது எழுத்தறிவின் பகுதியாகவே ஆயிற்று. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். எழுத்து, கூலி, போக்குவரத்து மூன்றும் ஒரே முடிச்சாக இருந்ததால்தான் அந்த இயக்கம் பற்றிக்கொண்டது.

ஒரகடத்தில் அந்த முடிச்சு எங்கே இருக்கிறது? மாதா மாதம் கைக்கு வரும் பே ஸ்லிப்பில் இருக்கிறது.

ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். பிடித்தம் 12 விழுக்காடு, 1,440 ரூபாய். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் 0.75 விழுக்காடு, 90 ரூபாய். இரண்டும் போக 10,470 கைக்கு வர வேண்டும். அதற்குக் கீழே வந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். முதலாளி பக்கத்திலிருந்தும் பி.எஃப்.புக்கு இன்னொரு 1,440 போகிறது. அதில் சுமார் 1,000 ரூபாய் ஓய்வூதியக் கணக்கில் சேரும், மீதி சேமிப்பில். ஈ.எஸ்.ஐ.க்கு அவர் கட்ட வேண்டியது 3.25 விழுக்காடு, 390 ரூபாய். ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டல், கழித்தல், விழுக்காடு மூன்றும் இருக்கின்றன. இதைவிட நல்ல கணக்குப் பாடத்தை எந்த வல்லுநர் குழு எழுதிவிடும்?

அதே காகிதத்தில் ‘வேலை நாள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் கண்ணிலும் படாத கட்டம். ஈ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு பருவம். ஒரு பருவத்தில் 78 நாளுக்குச் சந்தா சேர்ந்திருந்தால்தான், பின்னால் வரும் பயன் காலத்தில் நோய்வாய்ப்பட்டு வீட்டில் கிடக்கும்போது, சராசரி நாள் கூலியில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பேறுகாலத்துக்கு முந்தைய இரண்டு பருவத்தில் 70 நாள் கணக்கில் இருந்தால் 26 வாரச் சம்பளம். 75 நாளோடு ஒருவரை நிறுத்திவிட்டு வேறு பெயரில், வேறு கான்ட்ராக்டரிடம் மறுபடி சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால், 78 வரை எண்ணிப் பழகுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும். வகுப்பில் ஆறு மாதக் காலண்டரைக் கொடுத்து, போன நாளையெல்லாம் வட்டம் போடச் சொல்லலாம். எண்ணும் வரும், உரிமையும் வரும்.

பி.எஃப். கணக்குக்கு 12 இலக்க எண் உண்டு. கான்ட்ராக்டர் மாறினாலும் அந்த எண் மாறக் கூடாது. ஆனால் பழைய எண்ணைச் சொல்லத் தெரியாதவருக்குப் புது எண்ணே போட்டுவிடுவது எளிது. பழைய பணம் பழைய எண்ணிலேயே தூங்கும். கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாகத் தமிழிலேயே வரவழைக்கலாம். அந்த வசதியெல்லாம் இருக்கிறது. வந்த செய்தியைப் படித்துச் சொல்ல வீட்டில் பிள்ளை இருக்க வேண்டும், பிள்ளைக்குப் பொறுமையும் இருக்க வேண்டும்.

காசு விஷயம் ஒருபுறம் இருக்கட்டும். ஹவுஸ்கீப்பிங் ஸ்டோரில் கழிவறை கழுவும் ஆசிட் கேனும் பிளீச்சிங் திரவக் கேனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிவறைக்குள் அது நுரையீரலைத் தீய்த்துவிடும். எச்சரிக்கை கேனின் மேலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று வகுத்திருந்தது. தமிழில் எழுதி ஒட்டினால் போதும், படித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் விதி அது. படிக்கத் தெரியாதவரின் பாதுகாப்பு சூப்பர்வைசர் சொல்லும் வாய்வார்த்தையில்தான் இருக்கிறது. ஆகவே, இங்கே முதல் வாரத்திலேயே வகுப்புக்கு வர வேண்டிய எழுத்துகள் அந்தக் கேன்களில் இருப்பவை.

இதையெல்லாம் ஆலை வாசலுக்குள்ளேயே நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூர் பதில் சொல்லும். அங்கே 1983இல், தொடக்கக் கல்வியைத் தாண்டாத தொழிலாளர்களுக்காக ‘பெஸ்ட்’ என்ற திட்டம் தொடங்கியது. ஆங்கிலமும் கணக்கும் தொடக்கப் பள்ளி அளவில். தொழிற்பயிற்சி நிலையங்களோடு நிற்காமல், கம்பெனி வளாகங்களுக்குள்ளும் வகுப்புகள் நடந்தன. தொழிற்சங்க அமைப்பும் பங்கெடுத்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பே, குறைந்த சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் முதலாளிகளிடம் தீர்வை வசூலித்துத் திறன் மேம்பாட்டு நிதி ஒன்றை அந்நாட்டு அரசு உருவாக்கியிருந்தது. குறைந்த கூலி யாருக்கு லாபமோ, அவரே படிப்புக்கும் பணம் தர வேண்டும் என்பது நியாயமான ஏற்பாடு.

இங்கேயும் வழி அடைபட்டுவிடவில்லை. கம்பெனிகள் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ நிகரச் சொத்தோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஸ்மார்ட் வகுப்பறைக்கும் கழிவறைக்கும் அந்தப் பணம் போவது நல்லதே. அந்தக் கழிவறையைத் தினமும் கழுவும் பெண்ணின் படிப்புக்கும் அதில் பங்கு வேண்டும். எப்படிப் படிக்க வைப்பது என்பதும் பெரிய புதிர் இல்லை. ஏ ஷிப்ட் முடிந்து 2.15க்கு ஒரு வகுப்பு, பி ஷிப்டுக்கு முன்பு பகல் 12.30க்கு அதே பாடம் இன்னொரு முறை. ஏ வாரம் பி வாரமாக மாறினாலும் பாடம் விட்டுப்போகாது. கிராமத்துப் பள்ளியில் அந்த நேரத்தில் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் இடம் கேன்டீனாகவோ, ஊர்ப்புற நூலகமாகவோ, மகளிர் குழுக் கட்டடமாகவோ இருக்கட்டும். திட்டம் கேட்பது 200 மணி நேரம்தான். அது மாலை நேரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பழக்கம்.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இன்னொரு புத்தகம் வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வல்லம், மாத்தூர் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களில் பலர் தம் மொழியில் நன்றாகப் படிப்பவர்கள். இவர்களுக்குத் தமிழில் பஸ் பலகையும் மருந்துச் சீட்டும் வாடகை ஒப்பந்தமும் தெரிந்தால் போதும். கேரளத்தின் எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ‘ஹமாரி மலையாளம்’ என்ற பாடநூலையும் கொண்டுவந்தது. பெரும்பாவூரின் பிளைவுட் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தவர்களின் நிலையும் ஒரகடத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் நிலையும் அவ்வளவு வேறில்லை. அந்தப் புத்தகத்தின் தமிழ் உறவு ஒன்று வந்தால் மேஸ்திரியின் தயவு இல்லாமலே ஒருவர் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்வர முடியும்.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் காலம் 2022 முதல் 2027 வரை. கற்போரைக் கண்டுபிடிக்க வீடு வீடாகப் போகிறார்கள். வீட்டில் பகலில் ஆள் இருந்தால் பெயர் ஏறும். இந்த வட்டாரத்தில் அதோடு இன்னொரு பட்டியலையும் எடுக்கலாம். ஒவ்வொரு ஆலையிலும் கான்ட்ராக்டர் வைத்திருக்கும் சம்பளப் பதிவேட்டில், கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் மை எத்தனை பெயருக்கு எதிரே இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். பெயர், ஷிப்ட், ஊர் மூன்றும் அதிலேயே இருக்கும். மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நடக்கிற வேலை.

(அடுத்த வாரம்: வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி. பிளஸ் டூவோடு லைனுக்கு வந்த பெண்களின் பட்டப்படிப்பு என்ன ஆகிறது?)