கபச்சுரப்பி: பெயரும் தொழிலும்

மூளையின் அடிப்புறத்தில், எலும்பிலமைந்த சிறு குழியொன்றினுள், பட்டாணியளவான உறுப்பொன்று உள்ளது. அதன் நிறை ஏறக்குறைய அரைக் கிராம். அதனைக் கபச்சுரப்பி என்கின்றோம். மேனாட்டார் வழங்கும் பிற்றியூற்றரி என்னும் பெயரும், கபத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. ஆயின், இச்சுரப்பி ஒரு துளி கபத்தையேனும் சுரப்பதில்லை. அவ்வாறாயின், இப்பெயர் எங்ஙனம் வந்தது?

கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், மூளையின் கழிவு கபமாகி, இவ்வுறுப்பின் வழியே மூக்கிற்கும் அண்ணத்திற்கும் வடிகின்றது எனக் கருதினார். தடிமன் கண்டவரின் மூக்கொழுகுதலைப் பார்த்தோர்க்கு இக்கூற்றுப் பொருத்தமாகவே தோன்றியது. மனித உடலை அறுத்தாராய்ந்து, கேலனின் பிழைகள் பலவற்றை 1543 ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய வெசேலியசுங்கூட இக்கொள்கையைக் கைவிடவில்லை. கபத்தை ஏற்கும் சுரப்பியென்றே இதனைக் குறித்தார். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, விற்றன்பேக் நகரப் பேராசிரியரான சினைடர், மூளையிலிருந்து மூக்கிற்குக் கபம் இறங்க வழியில்லை என்றும், மூக்கின் உட்சவ்வே அதனைச் சுரக்கின்றது என்றும் காட்டினார். கொள்கை வீழ்ந்தது, பெயர் நிலைத்தது. 1778 இல் சொமரிங் என்பார், 'அடியில் வளர்ந்தது' எனப் பொருள்படும் ஐப்போபிசிசு என்ற கிரேக்கப் பெயரை இட்டார். அது நூல்களில் இடம்பெற்றதேனும், பழம்பெயர் மறையவில்லை.

இதன் மெய்யான தொழில், ஓமோன்களைக் குருதியிற் கலத்தலாகும். உடல் வளர்ச்சி, தாய்ப்பாற் சுரப்பு, சிறுநீரின் அளவு ஆகியவற்றை அவை ஒழுங்குபடுத்துகின்றன. தைரொயிட்டு முதலிய பிற சுரப்பிகளையும் ஏவுகின்றன. இதனால் இது தலைமைச் சுரப்பி எனப் புகழப்படுகின்றது. எனினும், அத்தலைமையும் மூளையின் ஒரு பகுதியாகிய ஐப்போதலமசின் ஆணைக்கு உட்பட்டதே.

வளர்ந்தோரின் கைகால்களும் தாடையும் பருக்கும் நோயொன்றைப் பிரான்சிய மருத்துவர் பியர் மரி 1886 இல் விவரித்தார். பெரும்பாலும் இச்சுரப்பியில் எழும் கட்டி, வளர்ச்சி ஓமோனை மிகுதியாகச் சுரப்பதே அதற்குக் காரணமெனப் பின்னர் தெளிவாயிற்று. கட்டி பெருத்துப் பார்வை நரம்பை அழுத்தின், கண்ணொளியும் குன்றும். 1907 இல் ஒசுத்திரிய மருத்துவர் சுலொபர், இத்தகைய கட்டியை மூக்கின் வழியே சென்று அகற்றினார். இன்றும் அறுவை மருத்துவர் பெரும்பாலும் அவ்வழியையே நாடுகின்றனர். கபம் இறங்குவதாக முன்னோர் எண்ணிய அவ்வழி, இன்று நோய் தீர்க்கும் வழியாக விளங்குகின்றது.