சிக்கனப் பயணமும் சுத்தமான கரையும்

களனி கங்கை கடலில் கலக்குமிடம் மட்டக்குளி. கங்கையில் எங்கோ வீசப்படும் பொலித்தீன், இறுதியில் காக்கைதீவுக் கரையிலேயே ஒதுங்குகின்றது. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் பலியாகினர். அவ்வாண்டு செப்டெம்பரில் லன்ச் ஷீட்டும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புடைய பொலித்தீனும் தடைசெய்யப்பட்டன. எனினும் பழக்கம் மாறாதவரை சட்டம் மட்டும் கரையைக் காக்காது.

விடுமுறையில் காலி, மாத்தறை செல்லும் குடும்பங்கள் வாடகை வானைத் தவிர்த்து, கோட்டையிலிருந்து மூன்றாம் வகுப்பு ரயிலில் செல்லலாம். செலவும் குறையும், எரிபொருட் புகையும் குறையும். வீட்டுச் சோற்றைச் சாப்பாட்டுப் பெட்டியிலும், தண்ணீரைப் பழைய போத்தலிலும் எடுத்துச் சென்றால், வழியில் வாங்கவும் வேண்டாம், வீசவும் வேண்டாம். துணிப்பை ஒன்றும் உடனிருக்கட்டும்.

பிறர் வீசிய குப்பையை நம் கரையில் சகித்து வாழும் நாம், பிறர் கரையில் நம் குப்பையை விட்டு வருவது நியாயமா?