மே மாதத்தில் பெய்த பனி

நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் இத்தாக்கா என்றொரு ஊர். கார்னெல் பல்கலைக்கழகம் இருப்பதால் வெளியுலகுக்குத் தெரிந்த ஊர். 1977 மே 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, அந்தப் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற ராக் குழு வாசித்தது. பார்ட்டன் ஹால் சங்கீதத்துக்காகக் கட்டியதல்ல. ராணுவப் பயிற்சிக்கென்று எழுப்பி, பிறகு விளையாட்டுக்குப் பயன்பட்ட பெரிய கூடம். அன்று அங்கே இருந்தவர்கள் பிற்பாடு சொன்னவற்றைப் பார்த்தால், பாட்டை முந்திக்கொண்டு பனி வந்துவிடுகிறது. கச்சேரி முடிந்து வாசலைத் தாண்டினால் வெளியே பனி விழுந்துகொண்டிருந்ததாம், மே மாதத்தில்! உள்ளே கேட்டதன் கிறக்கம் தெளியாதவர்கள் சொல்வதை யார் நம்புவார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த இரவையும் மறுநாளையும் ஒட்டி அமெரிக்காவின் வடகிழக்கில் பருவம் தப்பிப் பனி கொட்டியது வானிலைக் கணக்கிலேயே இருக்கிறது. கிறக்கத்தில் இருந்தவர்கள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கச்சேரி முடிந்து ரசிகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நாம் பொதுவாக ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ‘அடடா, என்ன வாசிப்பு’ என்பதற்கு மேல் அதில் என்ன இருந்துவிடப் போகிறது? விமர்சகர் சொல்வது கருத்து, ரசிகர் சொல்வது பரவசம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். தனி ஒரு ரசிகரை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவினை பெரும்பாலும் சரிதான். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள், ஆண்டுக்கணக்கில், ஒரே குழுவின் இரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசத் தொடங்கினால் அந்தப் பேச்சின் தரமே மாறிவிடுகிறது. மறுநாள் பத்திரிகையில் வரும் விமர்சனத்திலும் ஒலிநாடாவிலும் கிடைக்காத விஷயங்கள் அதில் கிடைக்கின்றன. ‘டெட்ஹெட்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களைப்போல இதைத் தெளிவாகக் காட்டுகிறவர்கள் குறைவு.

அதற்குக் காரணம் அந்தக் குழு வாசித்த முறை. 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, கித்தார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் இறக்கும்வரை அவர்கள் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தார்கள். இன்று வாசித்த வரிசையை நாளை வாசிக்க மாட்டார்கள். அதே பாட்டையே எடுத்தாலும் ஒருநாள் ஏழு நிமிடத்தில் முடியும், இன்னொரு நாள் இருபது நிமிடம் ஓடும். நம் ஊர்க் கச்சேரி கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனோதர்மம் என்ற ஒரு சொல் போதும். இந்த ஒப்பீடு நான் வலிந்து கொண்டுவந்ததும் அல்ல. குழுவின் டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாளக் கணக்குக் கற்றவர். அவருடைய 1991ஆம் ஆண்டு ‘பிளானட் டிரம்’ இசைத்தட்டில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. ஒவ்வொரு இரவும் வேறு என்றால், நேற்று கேட்டவருக்கும் இன்று கேட்டவருக்கும் பேச ஏதோ இருக்கும். இசைத்தட்டில் உள்ளதை அச்சு மாறாமல் மேடையில் ஒப்பிக்கிற குழுவுக்கு எத்தனை லட்சம் ரசிகர்கள் இருந்தாலும், ‘போனாயா, நானும் போனேன்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பேசுவதற்குக் கையில் ஆதாரமும் இருந்தது. மைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கச்சேரியைப் பதிவதைப் பெரும்பாலான குழுக்கள் திருட்டு என்று துரத்திய காலத்தில், டெட் குழு கண்டும் காணாமல் இருந்தது. பதிகிறவர்களின் மைக் கம்புகள் காடாக வளர்ந்து மற்றவர்களுக்கு மேடையை மறைக்கவே, 1984 அக்டோபரில் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கிவிட்டது. டேப்பைக் காசுக்கு விற்கக் கூடாது என்பதுதான் எழுதப்படாத சட்டம். காலி கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் முன்பின் தெரியாதவர்கூட ஒரு பிரதி எடுத்து அனுப்புவார். அந்தக் கேசட் உறையின் அட்டையைப் பார்த்தாலே இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியும். மேலே தேதியும் ஊரும். கீழே நுணுக்கிய கையெழுத்தில் பாட்டுவரிசை. ஒரு பாட்டு நிற்காமல் அடுத்ததற்குள் நுழைந்தால் நடுவில் அம்புக்குறி. நின்றால் வெறும் காற்புள்ளி. கூட்டத்துக்குள்ளிருந்து பதிந்ததா, ஒலிக் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து நேராக எடுத்ததா, மூலத்திலிருந்து எத்தனையாவது பிரதி என்பதற்கெல்லாம் குறியீடு. நாற்பத்தைந்து நிமிடத்தில் பக்கம் தீர்ந்து கேசட்டைத் திருப்பியபோது எந்தப் பாட்டு வெட்டுப்பட்டது என்பதும் அதில் இருக்கும். இன்ன குறை உண்டு என்று எழுதிவிட்டுக் கொடுக்கிறவரை வெறும் துதிபாடி என்று சொல்வது கடினம்.

இப்படிக் கேட்டுக் கேட்டுக் குறிப்பெழுதியவர்களில் ஒருவர் டிக் லட்வாலா. குழுவோடு எந்தத் தொழில் தொடர்பும் இல்லாத ரசிகராக டேப் சேர்க்கத் தொடங்கியவர். எந்த இரவில் எந்தப் பாட்டு எங்கே எழும்பியது, எங்கே தொய்ந்தது என்று நோட்டு நோட்டாக எழுதிவைத்தார். 1980களில் குழு தன் ஒலிநாடாக் கிடங்கையே அவரிடம் ஒப்படைத்தது. 1993இல் தொடங்கி அவர் பெயரிலேயே ‘டிக்ஸ் பிக்ஸ்’ என்ற வரிசை வந்தது. எந்தக் கச்சேரியை வெளியிடலாம் என்று ஒரு ரசிகரின் காது முடிவு செய்ய, வாசித்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவர் 1999இல் இறந்த பிறகும் வரிசை தொடர்ந்து 36 தொகுதிகள் ஆயிற்று. ரசிகர் பேச்சில் சரக்கு இல்லை என்பவர்கள் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்: தங்கள் நல்ல இரவு எது, மோசமான இரவு எது என்று கலைஞர்களே ஒரு ரசிகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது எதனால்?

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் ஒன்று எளிதில் தள்ள முடியாதது. கார்னெல் கச்சேரி ஏன் இவ்வளவு புகழ்பெற்றது? அன்றைய வாசிப்பாலா, அல்லது நல்ல டேப் கிடைத்ததாலா? அன்று மேசையிலிருந்து பதிந்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். அவர் காது அபாரமான காது. பின்னாளில் பணமுடையில் அவரால் கிடங்கு வாடகை கட்ட முடியாமல் போக, 1986இல் அவருடைய டேப்புகள் ஏலத்துக்கு வந்தன. ஏலம் எடுத்தவர்கள் கைக்குப் போய், அங்கிருந்து பிரதிகளாகப் பெருகின. துல்லியமான பதிவு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த கச்சேரிதான் ‘மகத்தான கச்சேரி’ என்று பெயரெடுத்தது. நல்ல பதிவு இல்லாத இரவுகள் தகுதியிருந்தும் மங்கிப்போயின. ஊர் சொல்கிறது என்று நாமும் சொல்கிறோம் என்பதுதானே இது? பெருமளவுக்கு ஆம். ஆனால் இந்தச் சந்தேகத்தை முதலில் கிளப்பியவர்கள் யார் என்று பார்த்தால் அவர்களும் ரசிகர்கள்தான். முந்தைய நாள் மே 7இல் பாஸ்டனில் வாசித்ததுதான் மேல் என்று ஒரு கட்சி. மறுநாள் மே 9இல் பஃபலோவில் வாசித்தது இரண்டையும் தூக்கிச் சாப்பிடும் என்று இன்னொரு கட்சி. கார்னெல் கச்சேரி நடக்கவே இல்லை, எல்லாம் உளவுத்துறை கட்டிய கதை என்று கிண்டலுக்குப் பேசுகிற கூட்டமும் உண்டு. புகழ் அலுத்துப்போனவர்களின் குசும்பு அது. பத்திரிகை விமர்சகர் மறுநாள் எழுதியதோடு தன் வேலை முடிந்தது என்று போய்விடுவார். ரசிகர்கள் நாற்பது ஆண்டாகத் திருத்தல் மனுப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் கார்னெலைச் சேர்த்த பிறகும் வழக்கு முடியவில்லை. 2017இல் குழுவின் பெயரில் முறையாக வெளியிட்டபோது பாஸ்டனும் பஃபலோவும் அதே பெட்டித் தொகுப்பில் இடம்பெற்றன. எதிர்க்கட்சிகளின் வாதமும் எடுபட்டிருக்கிறது.

நினைவு ஏமாற்றும் என்பது அடுத்த வாதம். இதற்குப் பெயர்போன சாட்சி மான்செஸ்டர். 1976 ஜூன் 4 அன்று அங்கே ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழு வாசித்ததைச் சில பத்துப் பேர்தான் கேட்டிருப்பார்கள். ‘நானும் இருந்தேன்’ என்று பிற்பாடு சொன்னவர்களுக்கு அந்தச் சின்னக் கூடம் காணாது. ஆனால் அதே கட்டடத்தில், அதற்குப் பத்தாண்டு முன்னால் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1966 மே 17 அன்று பாப் டிலன் மின்கித்தாரோடு வாசித்தபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் ‘யூதாஸ்’ என்று கத்தினார். அந்தக் கச்சேரியின் திருட்டுப் பதிவு உலகமெல்லாம் சுற்றியது, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது என்ற தப்பான பெயரோடு. இங்கே பொய் சொன்னது டேப்பின் மேலட்டை. நடந்தது எங்கள் ஊரில் என்று அரங்கில் இருந்தவர்கள் சொன்னதே சரி. கத்தியது யார் என்பதில் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் அடிபட்டன. ஆக, நினைவின் பலமும் பலவீனமும் எங்கெங்கே என்பது இதிலேயே தெரிகிறது. ‘நான்தான்’, ‘நானும் இருந்தேன்’ என்று தன்னை நடுவில் நிறுத்துகிற நினைவைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் கேட்க வேண்டும். தனக்கு லாபமில்லாத விவரம், பனி பெய்தது என்பதுபோல, பெரும்பாலும் நம்பத்தக்கது. டெட்ஹெட்களிடம் நினைவோடு டேப்பும் இருந்ததால் இரண்டையும் உரசிப் பார்க்க முடிந்தது. கார்னெலில் மேடைக்கு முன்னால் கூட்டம் நெரித்தது என்று ஒருவர் சொன்னால், இடைவேளைக்குப் பிந்தைய பகுதியின் தொடக்கத்தைப் போட்டுக் கேட்கலாம்: முன்வரிசையில் நசுங்குகிறவர்களுக்காக எல்லோரும் ஓரடி பின்னால் போங்கள் என்று குழுவினர் மேடையிலிருந்து சொல்வது பதிவாகியிருக்கிறது. அது முடிந்ததும் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’. அதன் வால் எங்கே முடிகிறது, மேடையேறி இரண்டு மாதம்கூட ஆகாத ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாதபடி இருபத்தைந்து நிமிடம் ஒரே இழையாகப் போகிறது. முன்னால் நின்றவர்கள் சொல்லும் புழுக்கத்தையும் தள்ளுமுள்ளையும் தெரிந்துகொண்டு கேட்டால், அந்த ஓரடி விலகலுக்குப் பின் வரும் முதல் ஸ்வரங்கள் வேறு மாதிரிக் கேட்கின்றன. டேப் மட்டும் இருந்தால் அந்த அறிவிப்பைத் தாண்டி ஓட்டிவிட்டுப் பாட்டுக்குப் போயிருப்போம்.

அன்பு கண்ணை மறைக்கும் என்ற மூன்றாவது வாதத்தில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. உட்ஸ்டாக் விழா உலகப் புகழ்பெற்றது. அங்கே 1969இல் டெட் குழு நனைந்த மேடையில் மின்சாரம் தாக்கத் தாக்க வாசித்ததைத் தேறாத கச்சேரி என்றுதான் டெட்ஹெட்கள் ஒதுக்குகிறார்கள். 1978 செப்டம்பரில் எகிப்தின் கீசா பிரமிடுகளுக்கு அடியில், சந்திர கிரகணம் பிடித்த இரவு உட்பட மூன்று நாள் வாசித்தார்கள். காட்சிக்கு அதைவிட என்ன வேண்டும்? இருந்தும் வாசிப்பு சுமார் என்று குழுவே அப்போது இசைத்தட்டைக் கைவிட்டது. ரசிகர்களும் கிரகணத்துக்காக மதிப்பெண்ணைக் கூட்டிப் போடவில்லை. கடைசி ஆண்டுகளில் கார்சியா பாட்டின் வரியை மறந்ததையும் விரல் தடுமாறியதையும் தேதிவாரியாகச் சொல்லக்கூடியவர்கள் அவரை நேசித்தவர்கள்தான். அக்கறையில்லாதவர் ஏன் அவ்வளவு கவனிக்கப் போகிறார்?

இப்போது கைபேசி வந்துவிட்டதால் கச்சேரி நடக்கும்போதே அபிப்பிராயமும் வந்துவிடுகிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கேசட் தபாலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்; அதற்குள் நினைவு ஆறிவிடும்; ஆறிய நினைவோடு திரும்பக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கடிதம் எழுதுவார்கள். அன்றைக்குப் பிரமாதம் என்று நினைத்தேன், இப்போது கேட்டால் அப்படியில்லை என்று எழுத அந்த இடைவெளி இடம் கொடுத்தது. கைபேசிப் பேச்சு அப்படி ஆறி முதிருமா என்பதைத் திரும்பக் கேட்கும் பழக்கம்தான் தீர்மானிக்கும்.

2023 மே 8 அன்று, சரியாக 46 ஆண்டு கழித்து, அதே பார்ட்டன் ஹாலில் ‘டெட் அண்ட் கம்பெனி’ என்ற வாரிசுக் குழு வாசித்தது. 1977இல் அந்த மேடையில் நின்றவர்களில் பாப் வீரும் மிக்கி ஹார்ட்டும் மட்டுமே அதில் இருந்தார்கள்; கார்சியாவின் இடத்தில் ஜான் மேயர். 1977இல் அங்கே மாணவராக நின்றவருக்கு இப்போது அறுபத்தைந்தைத் தாண்டிய வயது. அன்றைய கச்சேரியின் கடைசிப் பாட்டு ‘ஒன் மோர் சாட்டர்டே நைட்’, அதாவது இன்னொரு சனிக்கிழமை இரவு. ஞாயிற்றுக்கிழமையில் அதை ஏன் வாசித்தார்கள் என்பதற்கும் டெட்ஹெட்களிடம் ஆளுக்கொரு விளக்கம் இருக்கும்.